நான்கு கட்டமும் அரைப்பக்கமும்

பொம்மை விற்க மறுத்தவர், பத்தே ஆண்டில் போதும் என்று எழுந்துபோனவர் என்று சித்திரத் தொடர்க் கலைஞர் பில் வாட்டர்சனுக்கு ஒரு துறவிப் பட்டம் உண்டு. அதே துறையின் சார்லஸ் ஷுல்ஸுக்கோ தன் தொடரின் நாய் ஸ்னூப்பியைக் காப்பீட்டு விளம்பரம்வரை அனுப்பியவர், ஐம்பது ஆண்டு நாற்காலியை விடாதவர் என்ற பெயர். ஒழுக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் வேலை சுலபம். நாளிதழில் அச்சான கட்டங்களை வைத்துச் சொல்லவேண்டும் என்றால் அவ்வளவு சுலபமில்லை.

வாட்டர்சனின் ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ 1985 நவம்பரில் தொடங்கி 1995 டிசம்பர் 31இல் நின்றது. கால்வின் என்ற ஆறு வயதுப் பையன், ஹாப்ஸ் என்ற புலி. பையனோடு தனித்திருக்கையில் புலி பேசும், கட்டிப் புரளும். அம்மா எட்டிப் பார்த்தால் வெறும் துணிப் பொம்மை. எது நிஜம் என்று கடைசிவரை சொல்லவில்லை. கடையில் ஒரு ஹாப்ஸ் பொம்மை தொங்கியிருந்தால் அதற்கு விடை கிடைத்துத் தொலைத்திருக்கும். ஆகவே விற்க மறுத்ததைத் தியாகம் என்பதைவிடக் கதையைக் காத்த காரியம் என்பேன்.

1992இல், முதல் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியபோது, ஞாயிறு இதழ்களில் யாரும் வெட்டி ஒட்ட முடியாத அரைப்பக்கத்தைப் போராடிப் பெற்றார். டைனோசர்களும் வேற்றுக்கிரகங்களும் அங்கே மூச்சு விட்டன. ஆனால் அதே ஆண்டுகளின் வார நாட்களைப் பாருங்கள்: தொலைக்காட்சியையும் நுகர்வு மோகத்தையும் பற்றி ஆறு வயதுப் பையன் வாயில் முப்பது தாண்டியவரின் எரிச்சல். சிரிப்பு வருகிறது; கால்வின் காணாமல் போகிறான்.

ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’ 1950 அக்டோபர் 2 அன்று ஏழே நாளிதழ்களில் வந்தது. அந்தப் பெயர் விநியோக நிறுவனம் சூட்டியது; அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சம அளவில் நான்கு சிறு கட்டங்கள். கிடையாகவோ நெடுக்காகவோ சதுரமாகவோ நாளிதழ் ஆசிரியர் அடுக்கிக்கொள்ளலாம். இடம் மிச்சம் என்று சொல்லியே விற்றார்கள். அந்த அவமரியாதையை ஷுல்ஸ் பாணியாக்கிக்கொண்டார். பெரியவர்கள் இல்லை, பின்னணி அநேகமாக இல்லை. ஒரு குட்டிச்சுவர், அதில் முழங்கை ஊன்றிய இரண்டு பிள்ளைகள். பல நாள் மூன்றாம் கட்டத்தில் ஒன்றுமே நடக்காது. அந்த மௌனம்தான் நான்காம் கட்டத்து வசனத்துக்கு எடை கொடுக்கிறது. ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு லூசி மனநல ஆலோசனை சொல்லும் பெட்டிக்கடைக்கு இதைவிடப் பெரிய இடம் கொடுத்திருந்தால் கெட்டிருக்கும்.

குறை சிறியதல்ல. எழுபதுகளில் ஸ்னூப்பி வீட்டைக் கைப்பற்றிவிட்டது. 1971இல் ஜோ கூல் வேடம், 1975இல் அதன் அண்ணன் ஸ்பைக். தொடரின் நாயகச் சிறுவன் சார்லி பிரவுனின் துக்கம் மூலைக்குப் போனது. பொம்மைக் கடைக்கும் அதே ஸ்னூப்பிதான் வேண்டியிருந்தது என்பதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை. 1968இல் வந்த கறுப்பினச் சிறுவன் ஃபிராங்க்ளின் துணிச்சலான வரவு. ஆனால் ஆளுக்கொரு கிறுக்கு உள்ள அந்தத் தெருவில் அவனுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. மரியாதை காட்டியே அவனைப் பொம்மையாக்கினார்.

கோட்டைப் பற்றிய புகாரை மட்டும் ஏற்கமாட்டேன். 1981இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஷுல்ஸின் கை நடுங்கியது, கோடும் நடுங்கியது. உதவியாளர் வைத்துக்கொள்ளவில்லை. மொத்தம் 17,897 துணுக்குகளும் அவர் கைப்படவே. உதவியாளர்களோடு நிறுவனமாகத் தயாராகும் ‘கார்ஃபீல்ட்’ தொடரின் கோடு நடுங்குவதே இல்லை. அதை உற்றுப் பார்க்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

அலமாரியில் வைக்க ஒரே தொகுப்பு என்றால் வாட்டர்சன். அவரிடம் சோர்ந்த பக்கங்கள் குறைவு. செய்தித்தாள் சித்திரத் தொடர் என்ற கலையில் யார் பெரியவர் என்றால், எழுபதுக்குப் பிந்தியவற்றில் பாதியைத் தள்ளிய பிறகும், ஷுல்ஸ்தான். வாட்டர்சனின் ஒரு ஞாயிற்றுப் பக்கத்தைச் சுருக்கினால் அது செத்துப்போகும். அறுபதுகளின் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை பீனட்ஸைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். மூன்றாம் கட்டத்து மௌனம் அப்போதும் கேட்கும்.