தீர்ப்பு முதலில், காரணம் பிறகு

1942 ஜூலை இறுதியில், கோடை விடுமுறையில் இருந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அவசரமாக வாஷிங்டனுக்கு வரவழைக்கப்பட்டார்கள். 29, 30 ஆகிய இரு நாட்களும் வாதம் நடந்தது. மறுநாளே சுருக்கமான உத்தரவு வந்துவிட்டது: அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த ராணுவ ஆணையம் சட்டப்படியானதுதான், கைதிகளின் ஆட்கொணர்வு மனுக்களுக்கு இடமில்லை, விரிவான தீர்ப்புரை பின்னர் வரும். ஆகஸ்ட் 8 அன்று எட்டுக் கைதிகளில் ஆறு பேர் மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். தீர்ப்புரை அக்டோபர் 29 அன்று வெளியானது. ஆறு பேரை எந்தச் சட்டத்தின் அடிப்படையில் கொல்லலாம் என்பதை நாட்டின் தலைமை நீதிமன்றம், அவர்கள் இறந்து கிட்டத்தட்ட 12 வாரங்கள் கழித்து எழுதியது. போர்க்காலத்தில் அதிபரின் அதிகாரத்துக்கு நீதிமன்றங்கள் வரம்பு கட்டுகின்றன என்று சட்ட நூல்கள் பெருமையோடு சொல்லும். அந்தப் பெருமையில் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க இந்த வழக்கைவிட நல்ல இடம் இல்லை.

எட்டுப் பேரும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களில் வந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டிலும் ஃபுளோரிடா கடற்கரையிலும் இறங்கிய நாசவேலைக்காரர்கள். எதையும் தகர்ப்பதற்கு முன்பே பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் டாஷ் தானாகவே எஃப்.பி.ஐ.யிடம் போய்ச் சொன்னதால்தான் மற்றவர்கள் சிக்கினார்கள். திறந்த நீதிமன்றத்தில் விசாரணை நடந்திருந்தால் அந்த உண்மை ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். வழக்கமான குற்றவியல் சட்டத்தின்படி அவர்களுக்கு மரண தண்டனை கிடைப்பதும் கடினம். ஜூலை 2 அன்று ரூஸ்வெல்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ராணுவ அதிகாரிகள் ஏழு பேர் விசாரிப்பார்கள். அறிவுள்ள மனிதருக்கு மதிப்புடையதாகத் தோன்றும் எந்தச் சாட்சியத்தையும் ஏற்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் மரண தண்டனை விதிக்கலாம். ஆவணங்கள் நேரே அதிபரின் மேசைக்கு வரும். பிற நீதிமன்றங்களின் கதவு மூடப்பட்டது. அட்டர்னி ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடில் தாமே அரசுத் தரப்பில் வாதாடினார். விதி வகுத்தவர், தீர்ப்பாளர்களை நியமித்தவர், குற்றம் சாட்டியவருக்கு மேலதிகாரி, இறுதி மேல்முறையீட்டை முடிவு செய்பவர் எல்லாம் ஒரே மனிதர்.

இப்படிச் சொல்வதால் ராணுவ ஆணையம் பிறந்த கதையே கொடுங்கோன்மைக் கதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1847இல் மெக்சிகோவைக் கைப்பற்றிய ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு ஒரு நிஜமான சிக்கல் இருந்தது. அவருடைய வீரர்கள் அங்குள்ள மக்களைக் கொலையும் கொள்ளையும் செய்தால் அதை விசாரிக்க அமெரிக்க ராணுவச் சட்டத்தில் வழியில்லை. அமெரிக்க நீதிமன்றமோ அந்த மண்ணில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அவர் ஆணையங்களை அமைத்தார். வேறு நீதிமன்றமே இல்லாத போர்க்களத்தில், தண்டனையற்ற நிலைக்கும் கண்ட இடத்தில் சுடுவதற்கும் நடுவே ஏதோ ஒரு விசாரணையாவது இருப்பது நல்லதுதான். ஸ்காட்டின் ஆணையம் ஒரு வெற்றிடத்தில் எழுந்தது. ரூஸ்வெல்டின் ஆணையம் கூடிய இடம் வாஷிங்டனில் நீதித்துறையின் சொந்தக் கட்டடம். நகரத்தின் எல்லா நீதிமன்றங்களும் திறந்தே இருந்தன.

நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது ராணுவம் குடிமக்களை விசாரிக்க முடியாது என்பது 1866இலேயே முடிவான சங்கதி. இண்டியானா மாநில வழக்கறிஞர் லாம்டின் மில்லிகன் 1864இல் கைதாகி, தெற்குக் கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவச் சதி செய்ததாக ராணுவ ஆணையத்தால் விசாரிக்கப்பட்டு, தூக்குத் தண்டனை பெற்றார். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது. அதிபர் லிங்கனின் நெருங்கிய நண்பரும் அவரால் நியமிக்கப்பட்டவருமான டேவிட் டேவிஸ்தான் அந்தத் தீர்ப்பை எழுதினார் என்பது நீதித்துறைச் சுதந்திரத்துக்குச் சான்றாக இன்றும் காட்டப்படுகிறது. காட்டட்டும். தீர்ப்பு வந்தபோது உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது, லிங்கனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமானது, நீதிபதிகள் முடிவில் ஒன்றுபட்டாலும் காரணத்தில் 5க்கு 4 என்று பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சேஸும் மற்ற மூவரும் டேவிஸின் பெரும் கோட்பாட்டுக்குள் போகவில்லை. 1863இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது, கைதானவர் மீது பெருநடுவர் குழு குற்றம் சுமத்தாமல் கலைந்துவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது, மில்லிகன் விஷயத்தில் அதுவே நடந்தது, போதும் என்றார்கள். புகழ் டேவிஸுக்குப் போனது. மில்லிகனை விடுவிக்கச் சேஸின் காரணமே போதுமானதாக இருந்தது.

டேவிஸின் கோட்பாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. நீதிமன்றம் திறந்திருப்பதும் நீதி கிடைப்பதும் ஒன்றல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தெற்கில் நீதிமன்றங்கள் திறந்திருந்தன. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரைத் தாக்கிய வெள்ளையர்களை அங்கிருந்த ஜூரிகள் தண்டிக்க மாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கறுப்பினத்தவருக்கு அப்போது இருந்த பாதுகாப்பில் ராணுவ ஆணையமும் ஒன்று. அதனால்தான் மில்லிகன் தீர்ப்பை அடிமை ஒழிப்புத் தரப்பினர் பலர் கோபத்தோடு எதிர்கொண்டார்கள். 1867இல் காங்கிரஸ் தெற்கில் ராணுவ ஆணையங்களை மீண்டும் அனுமதித்தது. ஆக, ராணுவ விசாரணை கூடுமா கூடாதா என்ற கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. அதன் விதிகளை யார், எப்போது எழுதினார்கள் என்பதே கேட்க வேண்டியது. கைதுக்கு முன்பே சட்டமன்றம் எழுதிவைத்த விதி இருந்து, அதை நிதானமாகப் படிக்கும் அவகாசம் நீதிமன்றத்துக்குக் கிடைக்கும்போதுதான் அதிபரின் கை உண்மையில் கட்டுப்படுகிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

1942இல் விதி இருந்தது, அவகாசம் இல்லை. மரண தண்டனையை யார் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது உட்படப் பலவற்றை அன்றைய போர்ச் சட்டப் பிரிவுகள் வகுத்திருந்தன. ரூஸ்வெல்டின் அறிவிப்பு அவற்றுக்கு முரணானதா என்பதே வழக்கின் மையக் கேள்வி. அக்டோபரில் தலைமை நீதிபதி ஸ்டோன் எழுதிய தீர்ப்புரையில் இந்த இடம் தர்மசங்கடமானது: அந்தப் பிரிவுகள் அதிபர் அமைக்கும் ஆணையத்துக்குப் பொருந்தா என்பது சில நீதிபதிகளின் கருத்து, பொருந்தினாலும் முரண் இல்லை என்பது வேறு சிலரின் கருத்து, எனவே அதிபருக்குச் சாதகமான முடிவில் அனைவரும் உடன்படுகிறோம் என்கிறது. ஜூலையிலேயே எழுத உட்கார்ந்திருந்தால் இந்தப் பிளவு அப்போதே வெளிப்பட்டிருக்கும். ஆறு பேர் இறந்த பிறகு, முரண் இருந்தது என்று எழுத எந்த நீதிபதிக்குத் துணிவு வரும்? அவர்கள் ஜெர்மனியின் ஆட்கள், குற்றம் செய்தது உறுதி, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் அவர்களோடு முடியவில்லை. 1945இல் மணிலாவில் ஜப்பானிய ஜெனரல் யமாஷிதாவை விசாரித்த ஆணையம், நேரில் குறுக்கு விசாரணை செய்ய முடியாத வாக்குமூலங்களையும் செவிவழிச் செய்திகளையும் சாட்சியமாக ஏற்றது. உச்ச நீதிமன்றம் அதையும் அனுமதித்தது. மர்ஃபி, ரட்லெட்ஜ் ஆகிய இருவர் மட்டும் கடுமையாக மறுத்து எழுதினார்கள். 2001 நவம்பர் 13 அன்று அதிபர் புஷ் வெளியிட்ட ராணுவ உத்தரவும் 1942 அறிவிப்பின் அச்சில் வார்க்கப்பட்டதே.

அந்த உத்தரவின்கீழ் குவாண்டநாமோவில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் சலீம் ஹம்தான், ஒசாமா பின்லேடனின் கார் ஓட்டுநர். 2006 ஜூன் 29 அன்று 5க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய ஸ்டீவன்ஸ், இளம் வயதில் அதே ரட்லெட்ஜிடம் உதவியாளராக இருந்தவர். ஆனால் அவர் அரசியல் சாசனத்தின் உயர்ந்த சொற்களை அதிகம் நாடவில்லை. ராணுவ நீதிச் சட்டம் ஆணைய விதிகளுக்கு எல்லை வைத்திருக்கிறது; குற்றம் சாட்டப்பட்டவரையே வெளியேற்றிவிட்டு விசாரிக்க அனுமதிக்கும் விதி அந்த எல்லையைத் தாண்டுகிறது; ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான மூன்றாவது பிரிவும் மீறப்பட்டிருக்கிறது என்றார். ஏற்கனவே எழுதப்பட்ட விதியை எடுத்துவைத்து அளந்தார், அவ்வளவுதான். ஹம்தான் உயிரோடு இருந்ததால் அளந்ததற்குப் பயனும் இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நான்கு மாதங்களுக்குள் காங்கிரஸ் புதிய ராணுவ ஆணையச் சட்டம் இயற்றி, அதிபர் கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. ஆட்கொணர்வு மனு உரிமையையும் பறித்தது. சட்டமன்றம் அதிபரின் பையில் இருக்கும்போது எழுதப்பட்ட விதி யாரைக் காக்கும்? நியாயமான கேள்வி, முழுப் பதிலும் என்னிடம் இல்லை. ஆனாலும் பறித்த உரிமையை 2008இல் உச்ச நீதிமன்றம் பூமெடியன் வழக்கில் மீட்டது. அரசியல் சாசனத்தின் சொல் நேரடியாகத் தேவைப்பட்ட இடம் அது. புதிய சட்டத்தில் சித்திரவதையால் பெற்ற வாக்குமூலத்துக்குத் தடையும், சிவில் நீதிமன்றம் வரை மேல்முறையீடும் இடம்பெற்றன. கொடுமைப்படுத்திப் பெற்ற வாக்குமூலங்களுக்கு அது விட்டுவைத்த இடைவெளியை 2009 திருத்தம் அடைத்தது. ஹம்தான் 2006 சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையத்தால் 2008இல் தண்டிக்கப்பட்டார். அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட செயல் அப்போது போர்க்குற்றமாக இல்லை என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1942இன் விதிகளில் அப்படி ஒரு மேல்முறையீட்டுப் படியே கிடையாது.

ரகசியம், வேகம் என்ற பழைய நியாயங்களும் இன்று எடுபடாது. செப்டம்பர் 11 சதியில் தொடர்புடைய மூசாவியை வர்ஜீனியாவில் சாதாரண கூட்டாட்சி நீதிமன்றமே விசாரித்து 2006இல் ஆயுள் தண்டனை விதித்தது. ரகசிய ஆவணங்களைக் கையாள 1980 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. அதே சதியின் தலைவர் காலித் ஷேக் முகமதின் வழக்கோ ராணுவ ஆணையத்தில் 2008இல் தொடங்கி, கைவிடப்பட்டு, 2012இல் மறுபடி தொடங்கி, முதன்மை விசாரணையை எட்டாமலே ஆண்டுகள் ஓடின. 2024 ஜூலையில் ஆணையத்தை நடத்தும் அதிகாரி, மரண தண்டனையைக் கைவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் அந்த அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்து உடன்பாட்டை ரத்து செய்தார். அந்த ரத்து செல்லாது என்றார் ராணுவ நீதிபதி. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று அமைச்சர் பக்கம் நின்றது, ஏனெனில் சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது. சாட்சிய விதியையும் மேல்முறையீட்டையும் திருத்திய காங்கிரஸ், வழக்கை யார் கூட்டுவது, யார் உடன்படுவது என்ற பிடியை மட்டும் 1942இல் இருந்தது போலவே நிர்வாகத்திடம் விட்டுவைத்திருக்கிறது.