மூட்டிய தீயும் வைத்த தீயும்

அடுப்புக்குத் தீ மூட்டுகிறோம். வைக்கோற்போருக்குப் பகைவன் தீ வைக்கிறான். வினைச்சொல் மாறினால் தீயின் குணமே மாறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் அன்மாட்யெரெ குடியைச் சேர்ந்த கிளிஃபர்ட் பாஸம் ஜாபல்ஜாரி 1977இல் தீட்டிய ‘வார்லுகுலாங்’ ஓவியத்தை எடைபோட இவ்வேறுபாடு நமக்கு உதவும்.

இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட துணியில், நீலநாக்கு அரணையாகிய மூதாதை லுங்காட்டாவின் கதை விரிகிறது. வேட்டையாடிய கங்காருவைத் தந்தைக்குப் பங்கிடாமல் மைந்தர் இருவரும் தாமே உண்டனர். சினமுற்ற தந்தை காட்டுக்குத் தீ வைத்தார். மைந்தர் வெந்து மடிந்தனர். அவர்தம் எலும்புக்கூடுகளும், வேறு எட்டு மூதாதைக் கதைகளின் தடங்களும், சாம்பலும் புகையுமான புள்ளிகளும் படத்தை நிறைக்கின்றன. கதை அறியாதார்க்கு இவ்வளவு நெருக்கம் திகைப்பூட்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் இதனை வெறும் கோல அழகென்று வியந்து கடப்பது குறைபட்ட பார்வை. இது மேலிருந்து நோக்கிய நிலப்படம். மேற்குப் பாலைவனத்தை 1953இல் விமானத்திலிருந்து எடுத்த ஒளிப்படங்களிலும் இத்தகைய திட்டுகளே தெரிந்தன: எரிந்தது, தளிர்த்தது, முதிர்ந்தது என அடுத்தடுத்த சிறு துண்டுகள். அங்கு வாழும் மார்டு மக்கள் குளிர்காலத்தில் சிறு பரப்புகளை எரித்து உடும்பு வேட்டையாடுவர். எரிந்த துண்டு அடுத்த நெருப்பைத் தடுத்து நிறுத்தும். 1960களில் அம்மக்கள் பாலையை விட்டு அகன்றபின், மின்னல் வைத்த தீ பெருநிலங்களை விழுங்கியது.

அவ்வாறாயின், நிலம் பேணும் தீயை அறிந்த மரபில் வந்த கலைஞர் தண்டிக்கும் தீயை வரைந்தது ஏன்? விடை கதையிலேயே உள்ளது. மைந்தர் செய்த பிழை தீயைத் தவறாகக் கையாண்டதன்று; நிலம் தந்த உணவைப் பகிராமை. பகுத்துண்ணும் குடியில் தீ மூட்டப்படும். பகிராத குடியில் தீ வைக்கப்படும். ஓவியத்தின் உட்பொருள் இதுவே என நாம் கருதுகிறோம்.

1977இல் 1,200 டாலருக்கு விலைபோன இவ்வோவியத்தை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2007இல் 24 இலட்சம் டாலருக்கு ஏலத்தில் வாங்கியது. ஓவியர் 2002இலேயே மறைந்துவிட்டார். மறுவிற்பனையில் கலைஞருக்கோ அவர்தம் வாரிசுகளுக்கோ பங்கு தரும் சட்டம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2010இல்தான். பங்கிடாத கங்காருவின் கதையை வாங்கியும் விற்றும் வந்தவர்கள், அக்கதையை ஒருமுறையேனும் கேட்டிருந்தார்களா?