குழியானையும் குடும்பப் பெருமையும்

வைக்கம் முஹம்மது பஷீர் 1951இல் மலையாளத்தில் எழுதிய குறுநாவலை 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' என்ற பெயரில் தமிழிலும் வாசித்திருக்கிறோம். நாம் அதில் சிரிப்பது யாரைப் பார்த்து? ஏழ்மையைப் பார்த்தன்று.

சொத்து வழக்கில் தோற்றுக் குடும்பம் சிறுவீட்டுக்கு வந்துவிட்டது. உலை ஏறாத நாளிலும் குஞ்ஞுத்தாச்சும்மாவின் பேச்சில் தம் வாப்பாவின் கொம்பன் யானை அசைந்து வந்துகொண்டேயிருக்கிறது. அண்டைவீட்டுப் படித்த குடும்பத்தின் உடையும் நடையும் அவருக்கு இஸ்லாமாகத் தெரியவில்லை. குலப்பெருமையே மார்க்கம் என்று நம்பிவிட்ட மனம் அது. பஷீரின் அங்கதம் குறிவைப்பது அதனையே. எழுத்தறிவும் உலக அனுபவமும் மறுக்கப்பட்டு, அப்பெருமையின் விலையை மௌனமாகச் செலுத்துபவள் மகள் குஞ்ஞுபாத்தும்மா.

சீர்திருத்தம் பேசும் நிஸார் அஹமது வருமிடங்களில் எள்ளல் மங்கி உபதேசம் தலைதூக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அண்டைப் பிள்ளைகள் அந்த யானையைக் குழியானை என்று கூவும் இறுதிக் காட்சியில் பஷீர் மீண்டும் பஷீராகிவிடுகிறார். மணலில் குழிபறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் சிறு பூச்சியாகிவிட்டது கொம்பன். வாய்விட்டுச் சிரிக்கும் நமக்கு, இடிந்துபோன அந்தத் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை.