இவரு பாடம் எப்ப சார் நடத்துவாரு?

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மறுபடி ‘சாட்டை’ போட்டார்கள். எத்தனையாவது தடவை என்று சானல்காரர்களுக்கே கணக்கு இருக்காது. ஆவடியில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் டீச்சர், தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தவர், அப்படியே ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். அரசு நடுநிலைப் பள்ளியில் இருபது வருஷ சர்வீஸ். சமுத்திரக்கனி விறைப்பாக நடந்துவர, பையன்கள் வாயைப் பிளந்து பார்க்க, பின்னணியில் இமான் வெளுத்துக்கட்ட... டீச்சர் என்னைப் பார்த்து ரொம்ப அப்பாவியாகக் கேட்டார்.

“எல்லாம் சரி சார். இவரு பாடம் எப்ப சார் நடத்துவாரு?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2012இல் அன்பழகன் இயக்கி வந்த ‘சாட்டை’ மோசமான படம் இல்லை. தம்பி ராமையாவின் உதவித் தலைமையாசிரியர் இன்னும் கண்ணில் நிற்கிறார். 2019இல் ஜோதிகா நடித்த ‘ராட்சசி’யும் அதே ரகம்தான். முன்னதில் இயற்பியல் வாத்தியார் தயாளன் வருகிறார். பின்னதில் ராணுவத்திலிருந்தே ஹெட்மிஸ்ட்ரஸ் கீதாராணி வருகிறார். வருகிறார் என்பதுதான் விஷயம். பள்ளிக்கூடம் என்பது படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளி. வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து இறங்க வேண்டும். அதுவரை அங்கே வேலை பார்த்தவர்கள்? வட்டிக்கு விடுகிறவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள், தூங்குகிறவர்கள். அப்படியும் ஆட்கள் உண்டுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருஷமாக ஒழுங்காக வகுப்புக்குப் போய் வருகிற ஒருவருக்கு இந்தக் கதைகளில் ரோலே கிடையாது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்தப் படங்கள் பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் தெரிகின்றன. முதல் ரீலில் தேர்ச்சி விகிதம் பாதாளத்தில், கடைசி ரீலில் உச்சத்தில். நடுவில் நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு பையனுக்குப் பின்னம் புரியாமல் இருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் சட்டென்று புரிந்துவிடுகிறது பாருங்கள், அதை எந்த லெட்ஜரில் ஏற்றுவது? தெரியாததால்தான் நம் டைரக்டர்கள் அதைப் படம் பிடிப்பதே இல்லை.

நடுநிலைப் பள்ளிகள் நம் சினிமாவில் அநேகமாக இல்லாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பத்தாவது ரிசல்ட் இல்லை, பிளஸ் டூ ரிசல்ட் இல்லை, அதனால் கிளைமாக்ஸும் இல்லை. (ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு வைக்கிறேன் என்று 2019இல் அரசாங்கம் கிளம்பியது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் வாபஸ். நல்லவேளை.) ஆனால் கதைக்கா பஞ்சம்? டீச்சர் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை ஒரே காம்பவுண்டு. 2022இல் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்தபோது அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். தம்பி நாலாவது, அக்கா ஆறாவது. தம்பி தட்டோடு உட்கார்ந்திருப்பான், அக்கா அவன் பையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவன் பாதியை மிச்சம் வைத்து அக்காவைக் கண்ணால் கூப்பிடுவானாம். இதை டீச்சர் மாடிப்படியில் நின்று சொன்னதற்கே எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘ஆந்த்ர் லெ மூர்’. சுவர்களுக்குள்ளே என்று அர்த்தம். இங்கிலீஷில் ‘தி கிளாஸ்’. லோரான் கான்தே இயக்கியது. 2008இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. பிரெஞ்சுப் படம் ஒன்றுக்கு அது கிடைத்து அப்போது 21 வருஷம் ஆகியிருந்தது.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாரிஸில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பதின்மூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைகள். மாலி, மொராக்கோ, சீனா என்று பல தேசத்துக் குடும்பங்கள். ஒரு பிரெஞ்சு வாத்தியார், ஒரு கல்வியாண்டு. வாத்தியாராக நடித்த பெகோதோ நிஜத்திலும் வாத்தியாராக இருந்தவர். தன் அனுபவத்தை வைத்து அவர் 2006இல் எழுதிய புத்தகம்தான் படமானது. பிள்ளைகளும் நிஜமான ஒரு பாரிஸ் பள்ளியின் பிள்ளைகள். மாதக்கணக்கில் அவர்களோடு பேசிப் பழகி, பயிற்சி கொடுத்துப் பிறகுதான் கேமராவை வைத்திருக்கிறார் கான்தே.

படம் முழுக்கப் பாடம் நடக்கிறது! போர்டில் உதாரண வாக்கியம் எழுதும் வாத்தியார், பில் என்று ஒரு பேர் போடுகிறார். உடனே இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன் எப்பவும் வெள்ளைக்காரப் பேர், எங்க பேரெல்லாம் பேரில்லையா? இன்னொரு நாள் இலக்கணம். இப்படி யார் சார் வெளியில் பேசுகிறார்கள் என்று வகுப்பே மடக்குகிறது. நம்ம ஊரில் ‘யான்’, ‘யாம்’ சொல்லிக்கொடுத்தால் பையன் கேட்கமாட்டானா? கேட்பான். நாம் உட்காரச் சொல்லிவிடுவோம். இந்த வாத்தியார் உட்காரச் சொல்லாமல் பதில் தேடித் திணறுகிறார். அந்தத் திணறல்தான் படம்.

அவர் உத்தமரும் இல்லை. ஒரு நாள் பொறுமை போய், இரண்டு மாணவிகளைப் பார்த்துத் தரக்குறைவான ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறார். அதிலிருந்து வம்பு வளர்கிறது. சுலைமான் என்ற மாலி நாட்டுக் குடும்பத்துப் பையன் கோபத்தில் வகுப்பைவிட்டு வெளியேறும்போது அவன் பை பட்டு ஒரு பெண்ணுக்கு முகத்தில் காயம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுகிறது. அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. மகனுக்காக அவள் கெஞ்சுவதை மகனே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கைதட்டல் இல்லை, பாட்டு இல்லை. வருஷக் கடைசியில் ஒரு பெண் தனியாக வந்து, நான் இந்த வருஷம் எதுவுமே கத்துக்கலை என்று மெதுவாகச் சொல்கிறாள். வாத்தியாரிடம் அதற்குச் சரியான பதில் இல்லை.

பிரான்ஸில் தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. மார்சேய் துறைமுக நகரத்தில் ஆரம்பப் பள்ளிக் கட்டடங்கள் இருக்கும் லட்சணத்தைப் பற்றி 2015இல் ஓர் ஆசிரியை கல்வி அமைச்சருக்கே பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நான் சொல்வது படத்தைப் பற்றி.

நம்மிடமும் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த படம் ஒன்று உண்டு. 2009இல் பாண்டிராஜின் ‘பசங்க’. ஆறாம் வகுப்புப் பையன்கள். ஜெயப்பிரகாஷ் செய்த சொக்கலிங்கம் வாத்தியார் எங்கிருந்தும் வந்து இறங்கவில்லை, அந்த ஊரிலேயே இருக்கிறார். அவர் மகனும் அதே வகுப்பில். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அதையும் அவர் அதட்டாமல் நிதானமாகப் பேசித்தான் சரிசெய்யப் பார்க்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரி, கண்ணீர் என்று படம் தடம் மாறியது எனக்கு வருத்தம். இருந்தாலும் வாத்தியாரை மனுஷனாகக் காட்டியதற்கு அதற்குத் தனி மார்க்.

தயாளன்கள் மேல் எனக்கு நிஜமான கோபம் வேறொன்று. அவர்கள் நம்மைச் சுலபமாக விட்டுவிடுகிறார்கள். ஒரு நல்ல வாத்தியார் வந்தால் போதும் என்றால், கட்டடம், கழிப்பறை, காலிப்பணியிடம் எதற்கும் நாம் பொறுப்பில்லை. இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் காமராஜரின் மதிய உணவு. இன்றைக்கு இங்கே டாங்க் ஃபேக்டரிக்கு ஒரு கேந்திரிய வித்யாலயா, விமானப்படைக்கு ஒன்று, சி.ஆர்.பி.எஃப்.புக்கு ஒன்று. மற்றவர்களில் வசதியுள்ளவர்கள் மெட்ரிகுலேஷன். என் பையன் உள்பட. ‘ராட்சசி’க்குத் தியேட்டரில் பலமாகக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தன். மறுநாள் காலை அவனை வண்டியில் வைத்து அரசுப் பள்ளியைத் தாண்டித்தான் கொண்டுபோய் விட்டேன்.

பிரெஞ்சுப் படத்தை டீச்சருக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இங்கிலீஷ் சப்டைட்டிலோடு இரண்டு ராத்திரியில் பார்த்து முடித்தார். பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நல்லாத்தான் சார் எடுத்திருக்காங்க” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அந்தப் பையனை அனுப்பிட்டாங்களே. இங்க அது முடியாது சார். எட்டாவது முடிக்கிற வரைக்கும் யாரையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. 2009 சட்டம்.”

“அப்ப அந்த மாதிரி பையன் இருந்தா என்ன பண்ணுவீங்க டீச்சர்?”

“என்ன பண்றது? மறுநாளும் வருவான். முதல் பெஞ்சுல உக்கார வெப்பேன். என் கிளாஸ்ல இப்ப ரெண்டு பேர் இருக்கானுங்க சார்” என்றவர், மோட்டார் போட்டாச்சா என்று கேட்டுவிட்டு மாடி ஏறிப்போனார்.