ஒட்டகத்தின் தடமும் மிதிவண்டியின் தடமும்

துப்பறியும் கதை படிக்காத மாணவர் அநேகமாக இருக்கமாட்டார். அதிலும் கோவை வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஊர்ச் சொத்து. ராஜேஷ்குமார் நம் ஊர்க்காரர் அல்லவா? காந்திபுரம் பேருந்து நிலையக் கடையில் மாத நாவலை வாங்கி, பல்லடம் போய்ச் சேருவதற்குள் கொலையாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று பக்கம் புரட்டியவர்களுள் நானும் ஒருவன். கொலையாளி யார் என்பது இருக்கட்டும். துப்பறிபவர் ‘இதனால் இது’ என்கிறாரே, அந்த ‘இதனால்’ எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்போம்.

தமிழில் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அலகேச ராஜன் கதையில் வணிகன் ஒருவன் ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான். வழிப்போக்கர் நால்வர், “அதற்கு ஒரு கால் நொண்டிதானே?”, “ஒரு கண் குருடுதானே?”, “வால் குட்டைதானே?”, “வயிற்றுவலி உண்டல்லவா?” என்று ஆளுக்கொன்று கேட்கிறார்கள். ஆனால் ஒட்டகத்தை நாங்கள் பார்க்கவில்லை என்கிறார்கள். திருடர்கள் என்று அரசன்முன் நிறுத்தப்பட்ட பிறகு காரணம் சொல்கிறார்கள். மூன்று கால்களின் தடமே தெரிந்தது; பாதையின் ஒரு பக்கத்து மரங்களில் மட்டுமே இலை மேயப்பட்டிருந்தது; வழியில் இரத்தத் துளிகள் இருந்தன, கடித்த பூச்சிகளை ஓட்ட வால் எட்டவில்லை; முன்னங்கால் தடம் ஆழம், பின்னங்கால் தடம் மேலோட்டம், ஆகவே வயிற்றுவலி.

அரசன் மகிழ்ந்து நால்வரையும் அமைச்சர்களாக்கிக் கொண்டான். நாம் மதிப்பெண் போடுவோமா? நொண்டிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். வேறு விளக்கம் எளிதில் கிடைக்காது. கண்ணுக்குப் பாதிதான். மறுபக்கம் இருந்தவை ஒட்டகம் தொடாத மரங்களாக இருந்தால் என்ன செய்வது? அந்தப் பக்கத்து மரங்களின் பெயரையும் ஒருவர் குறித்து வந்திருக்க வேண்டும். இரத்தத் துளிக்கு முள் கிழித்த காயமும் காரணமாகலாம். வயிற்றுவலியோ வெறும் ஊகம். முதுகுச் சுமை முன்னால் சரிந்திருந்தாலும் தடம் அப்படித்தான் விழும்.

மழை பெய்தால் தரை நனையும் என்பது உண்மை. தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்பது உண்மையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சிறுவாணிக் குழாய் உடைந்திருக்கலாம்! விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும்போது கிடைப்பது முடிவு அன்று, கருதுகோள். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்த பிறகுதான் அதற்கு வலிமை வருகிறது. கதைகளில் இந்தத் தட்டிக் கழிக்கும் வேலைதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆசிரியரே கொலையாளியை வைத்திருப்பதால் துப்பறிபவரின் முதல் ஊகமே பலித்துவிடுகிறது.

இந்த ஒட்டகக் கதையை ஆங்கிலத்தில் தந்த பண்டித நடேச சாஸ்திரி கல்வெட்டு ஆராய்ச்சியில் பயின்றவர். 1894இல் ‘தானவன்’ என்ற துப்பறியும் கதையைத் தமிழில் எழுதியவரும் அவரே. சிதைந்த எழுத்திலிருந்து மறைந்த செய்தியைப் படித்தவருக்கு இரண்டிலும் நாட்டம் இருந்ததில் வியப்பில்லை. ஐரோப்பாவில் இதே வகைக் கதையை வால்டேர் ‘ஸாதிக்’ என்ற பாத்திரத்துக்குக் கொடுத்தார். உயிரியலறிஞர் ஹக்ஸ்லி 1880இல் அந்த ஸாதிக்கின் முறையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, புவியியலும் தொல்லுயிரியலும் அம்முறையில்தான் நடக்கின்றன என்றார். ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சேறியது அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1887இல்.

அந்த ஹோம்ஸே சறுக்கிய இடம் ஒன்று உண்டு. 1904இல் வெளிவந்த பிரையரி பள்ளிக் கதையில், ஈர நிலத்தில் மிதிவண்டித் தடத்தைக் காண்கிறார். எடை அதிகம் விழும் பின்சக்கரத்தின் ஆழமான தடம், முன்சக்கரத்தின் தடத்தைப் பல இடங்களில் குறுக்கிட்டு அழித்திருக்கிறது. ஆகவே வண்டி பள்ளியிலிருந்து வெளியே சென்றது என்கிறார். சற்று நில்லுங்கள். வண்டி பள்ளியை நோக்கி வந்திருந்தாலும் பின்சக்கரம் பின்னால்தானே வரும்? அப்போதும் அதுதானே முன்தடத்தை அழிக்கும்? வாசகர்கள் எழுதிக் கேட்டபோது கானன் டாயில் தாமே மிதிவண்டி ஓட்டிப் பார்த்து, தவறு தம்முடையதே என்று 1924இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். மேட்டில் ஏறும்போது தடம் ஆழமாகவும் இறங்கும்போது மேலாகவும் விழும் என்று ஒரு சமாதானமும் சொன்னார். பிழையை ஒப்புக்கொண்ட டாயிலை, பிழையே செய்யாத ஹோம்ஸைவிட எனக்குப் பிடிக்கிறது.

(மாட்டுவண்டியாக இருந்தால் ஹோம்ஸுக்குத் தொல்லையே இல்லை. குளம்பின் கூர்முனை போகும் திசையைக் காட்டிவிடும். எங்கள் காங்கயம் பக்கத்தில் மாடு மேய்க்கும் பையனுக்கும் இது தெரியும்.)

உண்மையில் மிதிவண்டித் தடத்திலேயே விடை இருக்கிறது. பின்சக்கரம் சட்டத்தோடு பொருத்தப்பட்டது, திரும்பாது. எப்போதும் முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியையே நோக்கியிருக்கும். ஆகவே பின்தடத்தின் ஏதாவதொரு புள்ளியில் தொடுகோடு வரைந்து, போன திசையில் நீட்டினால், அது இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் முன்தடத்தை வெட்டும். எந்தப் புள்ளியில் வரைந்தாலும் தூரம் ஒன்றே. எதிர்த்திசையில் நீட்டினால் தூரம் இடத்துக்கு இடம் மாறும்.

என் மாணவர்களோடு கல்லூரி மைதானத்துச் செம்மண்ணில் இதைச் செய்து பார்த்தேன். ஒருவர் வளைந்து வளைந்து ஓட்டினார். மற்றவர்கள் திரும்பி நின்றுகொண்டு, பிறகு வந்து திசையைச் சொல்ல வேண்டும். முதலில் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். நூலும் அளவுகோலும் எடுத்துவந்து ஐந்து இடங்களில் அளந்ததும் விவாதம் நின்றுவிட்டது. நீங்களும் செய்யலாம். இரண்டு எச்சரிக்கைகள்: நேராக ஓட்டினால் இரு தடங்களும் ஒன்றாகிவிடும், எதுவும் தெரியாது; கரிசல் மண்ணில் மழைக்குப் பின் முயலவேண்டாம், சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். செம்மண் இலேசாக நனைந்திருந்தால் போதும்.