கீழுதட்டில் இருக்கிறது கமகம்

கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் கச்சேரியில் பலரும் அவர் விரல்களைப் பார்ப்பார்கள். சிலர் மின்னும் சட்டையைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது அவருடைய கீழுதட்டை. முன்வரிசையில் உட்கார்ந்தால்தான் அது தெரியும் என்பதால், டிசம்பர் சீசனில் முன்கூட்டியே போய் இடம் பிடித்துவிடுவேன்.

'சாவி வைத்த வாத்தியத்தில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, எப்படி வரும்?' என்று வீணைப் பிரியர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஹார்மோனியத்தை வைத்துக் கேட்டால் நியாயம். சாக்ஸபோனில் சாவியை மூடுவது பாதி வேலைதான். மீதி, ரீட்டின் மேல் உதடு தரும் அழுத்தத்தில் இருக்கிறது. தாடையைத் தளர்த்தினால் சுரம் இறங்கும். இறுக்கினால் ஏறும், ஆனால் கொஞ்சம்தான். ஆகவே இதில் கமகம் பெரும்பாலும் மேலிருந்து இறக்கி எடுக்கிற சமாசாரம். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க மத்யமத்தின் பக்கமிருந்து உதட்டால் இறங்கி வர வேண்டும். மேல் ஸ்தாயியில் ரீட் தாராளமாக இடம் கொடுக்கும். மந்தரத்தில் முரண்டு பிடிக்கும். அங்கே விரலும் சாவியை அரைகுறையாக விட்டுக் கைகொடுத்தாக வேண்டும்.

கத்ரிக்கு இது கைவந்ததில் ஆச்சரியமில்லை. அப்பா தனியப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்குவதற்கு முன்பே பிள்ளையின் உதடு நாகஸ்வரத்தின் ரீட்டான சீவாளிக்குப் பழகிவிட்டது. நாகஸ்வரத்திலும் ஏழு துளைகளுக்கு நடுவில் உள்ள சுரங்களை மூச்சும் உதடும்தானே கொண்டுவருகின்றன! மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனும் அந்த உதட்டுக்குப் பாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். சுரத்துக்குச் சுரம் நாக்கால் தட்டாமல், ஒரே மூச்சில் சாகித்யம் கேட்பதுபோல் அவர் வாசித்தது அதனால்தான்.

1994-ல் வந்த 'டூயட்' படத்தின் கல்யாண வசந்த ராகம் வழியாக அவரை அறிந்தவர்களே அதிகம். அதே ஆண்டில்தான் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் விழாவிலும் வாசித்தார். படத்தில் கேட்டது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவரை எடைபோட ஒரு விஸ்தாரமான ஆலாபனை வேண்டும்.

இப்போது வரும் பிள்ளைகளில் பலருக்கு வேகம் இருக்கிறது, நாதம் இல்லை. வாய் அகன்ற மவுத்பீஸ், தடித்த ரீட், இரண்டையும் சமாளிக்க ஒரே கடி. மவுத்பீஸின் மேல் பல் பதிந்த பள்ளத்தைப் பார்த்தாலே வாசிப்பு தெரிந்துவிடும். கீழுதட்டின் உள்பக்கம் புண்ணாகியிருக்கும். கடித்த ரீட் அதிராது. சுருதி மேலே ஓடும், நாதம் மெலியும். மெலிந்ததை மறைக்க மைக்கில் எக்கோவைக் கூட்டுவார்கள். கல்யாண வரவேற்பில் அது போதும். சபாவிலும் அதையே செய்வதுதான் கொடுமை.

ஆல்டோ சாக்ஸபோனின் மவுத்பீஸைத் தனியே கழற்றி ஊதினால் 880 ஹெர்ட்ஸ், அதாவது 'ஏ' சுரம் வர வேண்டும் என்பது மேற்கத்திய ஆசிரியர்கள் பலர் சொல்லும் கணக்கு. கடிக்கிறவர்களுக்கு அதற்கு மேலே கிறீச்சிடும். அந்தச் சுரத்தில் நின்று, தாடையையும் தொண்டையையும் மட்டும் தளர்த்தி மெல்லக் கீழே இறங்கி, அறுபடாமல் மறுபடி மேலே வரப் பழக வேண்டும். இதைவிட நல்ல கமகப் பயிற்சியை நான் அறியேன். உதட்டைவிடத் தொண்டையே முக்கியம் என்று வாதிடுகிறவர்கள் சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷரின் 1941-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் காட்டுவார்கள். அடி பி ஃப்ளாட்டில் விரலை அசைக்காமலே மேல் சுரங்களை ஒவ்வொன்றாக எழுப்பும் பயிற்சி அது. அருமையானதுதான். ஆனால் அது சுரத்தை நிற்க வைக்கும். நம் சங்கீதத்துக்கு அது அசையவும் வேண்டும். அசைவு உதட்டின் பொறுப்பு.

கத்ரி 2019 அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பதிவுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சாக்ஸபோன் பழகும் தம்பி, தங்கைகளே, அடுத்த மவுத்பீஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், கையில் இருப்பதைக் கழற்றி வைத்துக்கொண்டு தினம் கால் மணி நேரம் ஊதுங்கள். சபா செயலாளர்களே, எக்கோவை அணைத்துவிடுங்கள்.