கோட்பாட்டு இயைபும் சோதனை இயைபும்: செய்முறைப் பதிவேட்டில் 'பிழை' என்னும் சொல்

வேதியியல் செய்முறைப் பதிவேடுகளில் இயைபுக் கணக்கீடு பெரும்பாலும் மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது: கோட்பாட்டு மதிப்பு, சோதனை மதிப்பு, பிழை விழுக்காடு. இவற்றுள் மூன்றாவது வரியின் பெயர், சோதனை மதிப்பை ஆராயுமுன்னரே அதன்மீது குற்றத்தைச் சுமத்திவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மயில்துத்தத்தின் படிகநீரைக் கணக்கிடும் சோதனை சான்றாகும். ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட காப்பர் சல்பேட்டின் மோலார் நிறை 249.68 கிராம், அதில் நீர் 90.08 கிராம். ஆகவே கோட்பாட்டு மதிப்பு 36.08 விழுக்காடு. இக்கட்டுரையாளர் உதவிய செய்முறை வகுப்பொன்றில், மாணவி ஒருவர் 2.000 கிராம் படிகத்தை வெப்பக்காற்று அடுப்பில் 150 பாகை செல்சியசில் மாறா எடை வரும்வரை சூடாக்கினார். எஞ்சியது 1.418 கிராம். இழப்பு 29.1 விழுக்காடு, 'பிழை' 19.3 விழுக்காடு. மறுநாள் பதிவேட்டில் எஞ்சிய எடை 1.278 கிராம் என்றிருந்தது. 36.08 என்னும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கிடைக்கும் எண் அது. அப்பதிவேட்டில் ஒப்பமிட்டவர் இக்கட்டுரையாளரே.

அழிக்கப்பட்ட எண் பொருளற்றதன்று. இப்படிகத்தில் நான்கு நீர் மூலக்கூறுகள் தாமிர அயனியோடு நேரடியாகப் பிணைந்துள்ளன; ஐந்தாவது மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டுமே கட்டுண்டுள்ளது. சூடாக்கும்போதும் ஐந்தும் ஒருங்கே நீங்குவதில்லை. நான்கு நீர் ஏறக்குறைய 110 பாகைக்குள் வெளியேற, எஞ்சும் ஒன்று 200 பாகையைக் கடந்த பின்னரே விடுபடுகிறது. நான்கு மட்டும் நீங்கினால் இழப்பு 28.86 விழுக்காடு. மாணவியின் எண் இதனின்று 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுகிறது. அவர் கண்ட மாறா எடையும் உண்மையே. 150 பாகையில் ஒற்றை நீர் கொண்ட உப்பு நிலைத்து நிற்கும். எடையிடல் சரி, ஒப்பிட எடுத்துக்கொண்ட வாய்பாடே பொருந்தவில்லை.

'கோட்பாட்டு மதிப்பு' என்ற பெயரும் ஆய்வுக்குரியது. மாதிரி தூயது, நீர் முழுவதும் வெளியேறியது என்னும் இரு எடுகோள்களின்மேல் செய்யப்பட்ட பெருக்கல், வகுத்தலே அது. 'வாய்பாட்டு மதிப்பு' என்றால் அதன் தகுதி விளங்கும். உஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடில் ஓர் ஆக்சிஜனுக்கு இரும்பு ஒன்றைவிடச் சற்றுக் குறைவாகவே அமைகிறது. அங்கே விலகி நிற்பது வாய்பாடே.

படிகம் தெறித்துச் சிந்தினாலோ, சூடான மூசையை அப்படியே தராசில் வைத்தாலோ, அதனைப் பிழை என்பதில் தடையில்லை. ஆயின் அது காரணம் கண்ட பிறகு சொல்ல வேண்டிய சொல். தமிழில் 'பிழைத்தல்' என்பதற்குத் தவறு செய்தல், குறி தப்புதல், உயிர் தப்பி வாழ்தல் எனப் பல பொருள்கள் உண்டு. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், யானையைக் குறிவைத்துத் தப்பிய வேலுக்கு இச்சொல்லே ஆளப்படுகிறது. அவ்வேல் அங்கே இகழப்படவில்லை. பதிவேட்டுத் தமிழ் இவற்றுள் முதற்பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டது.

மூன்றாம் வரியை 'வேறுபாடு' என மாற்றலாம். எனினும் 36.08-ஐ நெருங்குவதற்கே மதிப்பெண் வழங்கப்படும்வரை சொல்மாற்றம் மட்டும் பயன்தராது. 'வேறுபாட்டின் காரணம்' என்னும் நான்காம் வரியும், அதற்கென மதிப்பெண்ணும் வேண்டும். அவ்வரி இருந்திருப்பின், அடுப்பின் வெப்பநிலைக் குறிப்பே அம்மாணவியை 28.86 என்னும் எண்ணுக்கு இட்டுச் சென்றிருக்கும்.